மருத்துவப் பரிசோதனையும் சட்டமும்: முதல் சில மணி நேரத்தில் குடும்பத்தார் தெரிந்திருக்க வேண்டியவை



கல்வி உதவி, ஜகாத் பங்கீடு, கண் சிகிச்சை முகாம் என்று வரும் நமது இதழில் இப்படி ஒரு தலைப்பா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பெண் பிள்ளைகள் கையில் இந்தப் பக்கம் படக்கூடாதே என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். உண்மையில் அவர்களும் படிக்க வேண்டும் என்று எண்ணித்தான் எழுதுகிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணையோ குழந்தையையோ மருத்துவர் பரிசோதிப்பதற்கு நம் நாட்டில் தெளிவான சட்ட விதிகள் உள்ளன. அவை நமக்குச் சாதகமான விதிகள். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு அவை தெரியாததால், வழக்கும் போகிறது, சிகிச்சையும் போகிறது. அல்லாஹ் எந்த வீட்டுக்கும் அந்த நேரத்தைக் கொண்டுவராமல் இருக்கட்டும். வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

குளிக்கும் முன்

ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்துவிட்டால் முதலில் அவளுக்குத் தோன்றுவது குளிக்க வேண்டும் என்பதுதான். அம்மாவும் அதைத்தான் சொல்வார். உடுத்தியிருந்த துணியை ஊறவைப்பார், அல்லது எரித்துவிடுவார். நம் வீடுகளில் இதோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது: குளிப்பு கடமையாகிவிட்டதே, தொழுகை தப்பிவிடுமே என்பது. கடமையான குளிப்பை அந்த நிமிடமே நிறைவேற்றியாக வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. தொழுகையின் நேரம் குறுகும்போதுதான் அது கட்டாயமாகிறது என்று மக்தபில் படித்த பிள்ளைக்கும் தெரியும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட முடியும். அப்படியும் சந்தேகம் இருந்தால் ஓர் ஆலிமிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். விவரம் எதுவும் சொல்லாமலே கேட்கலாம்.

சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி உடலிலிருந்து மாதிரிகளை 96 மணி நேரம் வரை, அதாவது நான்கு நாட்கள் வரை எடுக்கலாம். ஆனால் முதல் மூன்று நாட்களுக்குப் பிறகு தடயம் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். குளிப்பது, வாய் கொப்பளிப்பது, நகம் வெட்டுவது, உடை மாற்றுவது எல்லாமே தடயத்தைக் குறைக்கும். உடை மாற்றியாகிவிட்டது என்றால் பழைய உடையைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோங்கள். பழைய செய்தித்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள், காகிதப்பை போதும். பாலிதீன் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும்.

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே குளித்துவிட்ட ஒரு பெண்ணை யாரும் திட்டாதீர்கள். குளித்திருந்தாலும், நாலு நாள் கடந்திருந்தாலும், மாதமே ஆகியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காயத்தைப் பதிவு செய்யலாம், மன நிலையைப் பதிவு செய்யலாம், நோய்க்கும் கருவுக்கும் சோதிக்கலாம். குளித்தாரா, உடை மாற்றினாரா என்பதை மருத்துவர் கேட்டு அறிக்கையில் எழுதுவார். தடயம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு நீதிமன்றத்தில் அதுவே பதிலாக இருக்கும்.

எந்த ஆஸ்பத்திரிக்கு?

எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். அரசு, தனியார் என்ற வேறுபாடு சட்டத்தில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 397-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357சி என்று இருந்ததுதான் இது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும் உடனே, இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். காவல்துறைக்கும் உடனே தகவல் தெரிவிக்க வேண்டும். மறுத்தால், பி.என்.எஸ். 200-ஆம் பிரிவின்படி அந்த மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

"முதலில் ஸ்டேஷனுக்குப் போய் லெட்டர் வாங்கி வாருங்கள்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பத்தையும் ஒரு மருத்துவமனை வரவேற்பிலேயே இப்படித்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரவு முழுக்க அலைந்திருக்கிறார்கள். அப்படிக் கடிதம் கேட்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. போலீஸ் கடிதம் இல்லை என்று மருத்துவர் பரிசோதிக்க மறுப்பதைக் கர்நாடக அரசுக்கும் மஞ்சண்ணாவுக்கும் இடையிலான வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துவிட்டது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் தெளிவு: போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவு, எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் பரிசோதனை நடத்தலாம் என்கிறது. அவசர சிகிச்சைக்கு முன் எந்த ஆவணமும் கேட்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன.

முதலில் காவல் நிலையத்துக்குப் போனீர்கள் என்றால், தகவல் கிடைத்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அவர்கள் அந்தப் பெண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். இது பி.என்.எஸ்.எஸ். 184-ஆம் பிரிவு. "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்றும் சொல்ல முடியாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம், பிறகு உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்றிக்கொள்வார்கள். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். பெண்ணின் புகாரைப் பெண் காவல் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். இத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்குப் பி.என்.எஸ். 199-இன்படி குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு கடுங்காவல் உண்டு. இந்தப் பிரிவின் எண்ணை நிதானமாகச் சொன்னாலே பல இடங்களில் பேனா வேலை செய்யத் தொடங்கும்.

எங்கே போவது என்ற தேர்வு கையில் இருந்தால், என் யோசனை அரசு மருத்துவமனைதான். 184-ஆம் பிரிவும் அரசு அல்லது உள்ளாட்சி மருத்துவமனையின் மருத்துவரையே முதலில் சொல்கிறது. அவர் இல்லாத இடத்தில்தான் பிற பதிவு பெற்ற மருத்துவர். தடயம் எடுத்து முத்திரை வைக்கும் பழக்கமும் அங்கே அதிகம். ஆனால் இரத்தம் கொட்டும் நிலையில் அருகிலுள்ள தனியார் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போக வேண்டாம்.

யாருடைய சம்மதம்?

இதில்தான் நம் குடும்பங்களில் குழப்பம் அதிகம். அத்தா கையெழுத்துப் போட வேண்டும், மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார், அவரைக் கேட்காமல் எப்படி என்கிறார்கள். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் உடலைப் பரிசோதிக்க அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், தந்தை, மாமனார் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அவர்கள் எல்லோரும் சம்மதித்தாலும் அந்தப் பெண் சம்மதிக்காவிட்டால் பரிசோதனை செய்ய முடியாது. சம்மதம் இல்லாத பரிசோதனை எதையும் இந்தப் பிரிவு சட்டப்பூர்வமாக்காது என்று 184-ஆம் பிரிவின் கடைசியிலேயே எழுதியிருக்கிறது. காவல்துறையும் கட்டாயப்படுத்த முடியாது.

சிறுவர்களைப் பொறுத்தவரை, 12 வயது நிறைந்த பிள்ளையின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்கின்றன 2014-ஆம் ஆண்டு நெறிமுறைகள். அதற்குக் கீழே இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். மயக்கத்தில் இருப்பவர், மனவளர்ச்சி குன்றியவர் ஆகியோருக்காகவும் பொறுப்பானவர் சம்மதம் தரலாம்.

சம்மதம் என்பது ஒட்டுமொத்தமான ஒரு கையெழுத்து அல்ல. உடல் பரிசோதனைக்கு, தடயம் எடுப்பதற்கு, சிகிச்சைக்கு என்று தனித்தனியே கேட்க வேண்டும். ஒன்றுக்கு 'சரி', மற்றொன்றுக்கு 'வேண்டாம்' என்று சொல்லலாம். பரிசோதனையின் நடுவிலும் நிறுத்தச் சொல்லலாம். தடயம் எடுக்க மறுத்தார் என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக்கூடாது. ஒரு வளர்ந்த பெண் தனக்கு மருந்து மட்டும் போதும், வழக்கு வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்வது அதன் கடமை. புகார் தருவது அந்தப் பெண்ணின் முடிவு, அவர் மறுப்பதையும் எழுதி வைப்பார்கள். 18 வயதுக்குக் கீழே இந்த விருப்பம் இல்லை. அங்கே தகவல் தெரிவிப்பது எல்லோருக்கும் சட்டக் கடமை.

ஆண் மருத்துவர் என்றால்?

பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறு ஒருவரோ கூட இருக்க வேண்டும். அவர்கள் இருக்க முடியாதபோது மருத்துவமனைத் தலைவர் நியமிக்கும் ஒரு பெண் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர்மீதே சந்தேகம் என்றால், குழந்தை நம்புகிற மாமியோ சாச்சியோ ஆசிரியையோ இருக்கலாம். இந்த விதியின் அருமை அப்போதுதான் தெரியும்.

வளர்ந்த பெண்களுக்கும் பெண் மருத்துவரைக் கேட்கலாம், கேளுங்கள். கிடைக்காத சிற்றூர்களில் ஆண் மருத்துவர், ஒரு பெண் உதவியாளர் உடனிருக்கப் பரிசோதிப்பார். பெண் மருத்துவர் வரும்வரை காத்திருந்து நாளைக் கடத்துவது சரியல்ல. பெண் வைத்தியர் இல்லாத நிலையில் ஆண் வைத்தியர் தேவையான அளவுக்குப் பார்ப்பதை, நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் நம் ஃபிக்ஹு நூல்கள் அனுமதித்தே இருக்கின்றன. பிரசவத்துக்கு ஒத்துக்கொள்கிற நாம் இதற்கு மட்டும் தயங்க வேண்டியதில்லை. போலீசார், அவர்கள் பெண் காவலராகவே இருந்தாலும், பரிசோதனை அறைக்குள் இருக்கக்கூடாது.

அறைக்குள் நடப்பது

பயத்தின் பாதி, உள்ளே என்ன செய்வார்கள் என்று தெரியாததால் வருவது. முதலில் மருத்துவர் நடந்ததைக் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்வார். பிறகு ஒரு பெரிய தாளை விரித்து அதன்மேல் நிற்கச் சொல்வார்கள். உடையிலிருந்து உதிரும் முடி, மண் எல்லாம் அந்தத் தாளில் விழும், அதையும் மடித்து வைப்பார்கள். தலை முதல் கால் வரை காயங்களைப் பார்த்து, உடலின் வரைபடத்தில் ஒவ்வொன்றையும் குறிப்பார்கள். நகத்தின் அடியிலிருந்து சுரண்டியும், இரத்தம், சிறுநீர், தேவைப்படும் இடங்களிலிருந்து பஞ்சுக் குச்சியில் ஒற்றியும் மாதிரிகள் எடுப்பார்கள். அவர் சொன்ன விவரத்துக்குத் தேவையில்லாத இடத்தில் மாதிரி எடுப்பதில்லை. மாதிரிகளை நிழலில் உலர்த்தி, உறையிலிட்டு, முத்திரை வைத்துக் காவல்துறையிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க, அவை தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் 184-ஆம் பிரிவே சொல்கிறது. பெண்ணின் பெயரும் முகவரியும், அழைத்துவந்தவர் யார், வயது, டி.என்.ஏ. சோதனைக்கு எடுத்தவை, காயங்கள், மன நிலை ஆகியவை எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுத வேண்டும். சம்மதம் பெற்றதைக் குறிக்க வேண்டும். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்க வேண்டும். அறிக்கை ஏழு நாட்களுக்குள் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும் என்பது புதிய சட்டத்தில் சேர்ந்தது. முன்பு 'தாமதமின்றி' என்று மட்டும் இருந்தது, அந்தத் தாமதமின்மைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு வேறு அளவு! ஆவணங்களின் பிரதி ஒன்றை இலவசமாகப் பெற அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு. கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

தடை செய்யப்பட்ட சோதனை

இரு விரல் சோதனை என்று ஒன்று இருந்தது. மருத்துவர் பெண்ணுறுப்பில் விரல்களைச் செலுத்தி, அந்தப் பெண் 'பழக்கப்பட்டவளா' என்று எழுதுவது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு சொல்லால் எத்தனையோ குற்றவாளிகள் தப்பியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 1972-இல் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில், உடலில் காயம் இல்லை, அவள் ஏற்கெனவே உறவுக்குப் பழக்கப்பட்டவள் என்ற மருத்துவ அறிக்கையின் துணையோடு, இரு காவலர்களையும் உச்ச நீதிமன்றமே விடுதலை செய்தது. அந்தச் சிறுமியின் பெயரால்தான் சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு பேசப்படுகிறது. நான் அந்தப் பெயரை எழுதவில்லை. அந்தத் தீர்ப்புக்கு எதிராக நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய கடிதமும், நாடெங்கும் பெண்கள் எழுப்பிய குரலும் 1983-இல் சட்டத்தைத் திருத்த வைத்தன. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்துக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழுவும் இந்தச் சோதனையைக் கடுமையாகக் கண்டித்தது.

2013-இல் லில்லு என்கிற ராஜேஷ் வழக்கில், இது பெண்ணின் அந்தரங்கத்துக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வின் இரு நீதிபதிகளில் ஒருவர் நம் காரைக்குடியைச் சேர்ந்த எஃப்.எம்.இப்ராஹிம் கலிஃபுல்லா என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். அதன் பிறகும் சோதனை நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை உடனே தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், இனி இதைச் செய்பவர் யாராயினும் ஒழுங்கீனத்துக்கான நடவடிக்கைக்கு ஆளாவார் என்று அறிவித்தது. மருத்துவக் கல்லூரிப் பாடத்திலிருந்தும் இதை நீக்கச் சொன்னது. ஆகவே பரிசோதனையின்போது இதைச் செய்ய முனைந்தால் 'வேண்டாம்' என்று சொல்லலாம். அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒரு பெண்ணின் முந்தைய வாழ்க்கையை வைத்து அவள் சம்மதித்திருப்பாள் என்று வாதாட இன்றைய சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருமணப் பேச்சுக்காகப் 'பெண் கெடவில்லை' என்று ஒரு சான்றிதழ் வாங்க முடியுமா என்று கேட்டு வருபவர்கள் உண்டு. அப்படி ஒரு சான்றிதழை எந்த நேர்மையான மருத்துவரும் தர முடியாது. கன்னிச்சவ்வு விளையாட்டிலும் கிழியலாம், உறவுக்குப் பிறகும் கிழியாமல் இருக்கலாம். அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்பது மருத்துவ உண்மை. கேட்பதே அந்தப் பெண்ணை இரண்டாவது முறை அவமதிப்பது.

"காயம் இல்லையாமே" என்பவர்களுக்கு

மருத்துவ அறிக்கை வந்ததும் ஊரில் பரவும் பேச்சு இது. பாலியல் வன்முறை நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது மருத்துவரின் வேலை அல்ல. அது நீதிமன்றத்தின் வேலை. மருத்துவர் தான் கண்டதை மட்டும் எழுதுவார். மிரட்டலில் உறைந்துபோனவர் உடலிலும், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர் உடலிலும், நாள் கழித்து வந்தவர் உடலிலும் காயம் இருக்காது. பெண் எதிர்த்துப் போராடவில்லை என்பதே சம்மதம் ஆகாது என்று பி.என்.எஸ். 63-ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. நம்பகமான சாட்சியம் என்றால், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் ஒன்றை வைத்தே தண்டனை தரலாம் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன நிலை. எனவே அறிக்கை 'சாதகமாக இல்லை' என்பதால் வழக்கைக் கைவிட வேண்டாம்.

பாதிக்கப்பட்டவளைக் குற்றவாளிபோலப் பார்ப்பதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தொழுகைக்குப் புறப்பட்ட ஒரு பெண்ணை ஒருவன் பலவந்தம் செய்த நிகழ்ச்சி திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண் மீது நபியவர்கள் எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. நல்ல சொல் சொல்லி அனுப்பினார்கள், தண்டனை அவனுக்குத்தான். நம் மிம்பர்களில் இந்த ஹதீஸ் அதிகம் கேட்கப்படுவதில்லை.

சிகிச்சைதான் முதலில்

வழக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் உடல் காத்திருக்காது. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல பலன், ஐந்து நாள் வரை ஓரளவு பலன் உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் பயன் போய்விடும். பால்வினை நோய்களுக்கான மருந்து, டெட்டனஸ் ஊசி, ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி எல்லாமே இந்த இலவச சிகிச்சையில் அடக்கம். சிராய்ப்பும் கன்றலும் இரண்டு நாள் கழித்துத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் மறுபடி வரச் சொல்வார்கள். போங்கள்.

கரு உண்டாகிவிட்டால், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் சிறுமிகளுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு 2021-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்கிறது. 20 வாரத்துக்குள் ஒரு மருத்துவரின் கருத்தும், அதற்கு மேல் இருவரின் கருத்தும் தேவை. வளர்ந்த பெண்ணுக்கு அவர் சம்மதமே போதும். சிறுமிக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 24 வாரம் தாண்டினால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். நம் ஆலிம்கள் 120 நாட்கள் என்ற எல்லையை வைத்துப் பேசுவதையும் அறிவீர்கள். அதற்குள் இருக்கும்போதே கேட்டு முடிவெடுக்க வேண்டும், மறைத்து மறைத்து ஆறாம் மாதம் வந்த பிறகு கேட்டால் ஆலிமும் மருத்துவரும் தவிப்பார்கள். கலைக்கப்பட்ட கருவின் திசுவை டி.என்.ஏ. சோதனைக்காகப் பாதுகாக்க வேண்டும் என்பதை மருத்துவமனைக்கும் காவல்துறைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆண் பிள்ளைகளும் ஜமாஅத்தும்

போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்குட்பட்ட ஆணும்தான் பெண்ணும்தான். விடுதியில், ட்யூஷனில், உறவினர் வீட்டில், ஏன் ஓதுகிற இடத்தில்கூட ஆண் பிள்ளைக்கு நேர்ந்தால் "பையன்தானே, மறந்துவிடுவான்" என்று விட்டுவிடுகிறோம். அவனுக்கும் இதே பரிசோதனை, இதே சிகிச்சை, இதே 24 மணி நேரம்.

குழந்தைக்கு எதிரான குற்றத்தை அறிந்த யாரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ 19-ஆம் பிரிவு. தெரிவிக்காதவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். மதரஸா, பள்ளி, விடுதி, நமது அறக்கட்டளை எல்லாமே இதில் அடங்கும். இரு தரப்பையும் உட்கார வைத்து, பணம் வாங்கிக் கொடுத்து, அல்லது அவனுக்கே நிக்காஹ் செய்துவைத்து முடிக்கும் அதிகாரம் எந்த ஜமாஅத்துக்கும் இல்லை. ஊர்ப் பெரியவர்களை மதிப்பவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். சமரசம் பேசி முடிப்பதற்குள் 96 மணி நேரம் போய்விடுகிறது, பிறகு பெண் பக்கம் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நீதி கேட்கிறோம் என்று சொல்லி அந்தப் பிள்ளையின் படத்தையும், தெருப் பெயரையும், அத்தா பெயரையும் வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். 72-இன்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2018-இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்க உதவும் எந்த விவரமும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டது.

வயதுச் சான்று

பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்பதை நிரூபிக்க எலும்பு எக்ஸ்ரே எடுப்பது கடைசி வழி. பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அவை இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ் என்பதே இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவின் வரிசை. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் பழக்கம் இந்த இடத்தில் வந்து கழுத்தை நெரிக்கும்.

அடுத்து

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம். இவ்வகை வழக்குகளில் தகவல் பதிவான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புலனாய்வை முடிக்க வேண்டும் என்பது சட்டம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. இழப்பீட்டு மனுவும் அங்கேயே போடலாம், குழந்தை விஷயத்தில் வழக்கு முடியும்முன்பே இடைக்கால இழப்பீடு தரச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, காவல்துறைக்கு 112, சட்ட உதவிக்கு 15100. மாவட்டத்தில் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல், சட்டம், மன ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஒரே இடத்தில் வழிகாட்டுவார்கள். இந்த எண்களை வெட்டி எடுத்து, கியாஸ் புக்கிங் நம்பர் ஒட்டியிருக்கும் அந்த இடத்திலேயே ஒட்டிவையுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர ஒரு பெண் தேவை என்றால் நமது அலுவலகத்தில் சொல்லுங்கள். மகளிர் குழுவிலிருந்து ஒருவர் வருவார், பெயர் எங்கேயும் எழுதப்படாது.